மறைத்தால் மரு போகாது!

கையில் மரு வந்தால் டாக்டரிடம் காட்டுகிறார்கள். மறைவிடத்தில் வந்தாலோ, வாயைத் திறப்பதில்லை. புருஷன் மனைவியிடம் சொல்வதில்லை. மனைவி தாயிடம்கூடச் சொல்வதில்லை. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து ரகசியமாகத் தடவுகிறார்கள். தோல் வெந்து புண்ணாகிறது. மரு போவதில்லை!

இந்த மருவுக்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. அதில் பல வகைகள் உண்டு. மறைவிட மருக்களில் பெரும்பாலானவை 6, 11 என்ற எண்ணுள்ள இரண்டு வகைகளால் வருகின்றன. உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் கிருமி தொற்றுகிறது. இந்த இரண்டு வகைகளும் பொதுவாகப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. எனவே வீண் பயம் வேண்டாம்.

எத்தனை நாளில் குணமாகும்?

திரவ நைட்ரஜனால் மருவை உறைய வைத்து உதிரச் செய்வது ஒரு முறை. 1 அல்லது 2 வாரத்துக்கு ஒரு தடவை இதைச் செய்வார்கள். மின்சாரத்தால் சுட்டு எடுப்பதும் உண்டு. வீட்டிலேயே தடவிக்கொள்ளும் 'இமிகுவிமாட்' களிம்பை 16 வாரம் வரை தடவ வேண்டியிருக்கலாம். கர்ப்பிணிகளுக்குச் சில மருந்துகள் ஆகா. ஆகவே, கர்ப்பத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலோருக்கு 3 மாதத்துக்குள் பலன் தெரியும். ஒரு வாரம் பார்த்துவிட்டு நிறுத்துவது தவறு. மரு உதிர்ந்த பிறகும் கிருமி தோலில் தங்கியிருக்கலாம். அதனால் முதல் சில மாதங்களில் மரு மீண்டும் தலைகாட்டுவது உண்டு. மனம் தளராமல் மறுபடியும் சிகிச்சை பெற வேண்டும்.

மருவைவிடக் கொடியது ஒன்று உண்டு. அதுதான் சந்தேகம்! கிருமி தொற்றியதும் மரு வந்துவிடாது. பல மாதங்கள், ஏன், சில வருடங்கள் கழித்தும் வரலாம். இன்று மரு தெரிந்தால், நேற்று துரோகம் நடந்தது என்று அர்த்தம் அல்ல. மருவைச் சாட்சியாக்கித் துணையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் குடும்பம் குலையும். இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்ப்பதே விவேகம். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. குணமாகும் வரை உடலுறவைத் தவிர்ப்பது இருவருக்கும் நல்லது.

வருமுன் காக்கத் தடுப்பூசியும் உண்டு. இந்தியாவிலேயே தயாராகி, 2022-ல் அனுமதி பெற்ற 'செர்வாவாக்' ஊசி, 6, 11 வகைகளையும், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 வகைகளையும் தடுக்கும். ஆனால், வந்துவிட்ட மருவை அது போக்காது.

மறைக்க வேண்டியது உடம்பைத்தான். நோயை அல்ல!