ரைட் சொல்றதுக்கு முன்னாடி படிக்கட்டைப் பாருங்க சாமி!

மக்களே, இது பொட்டி தட்டுறவங்க புலம்பல். மத்தவங்களும் படிக்கலாம், நடுவுல பஸ் எல்லாம் வருது :-)

போன மாசம் மாமல்லபுரம் கடலோரம் ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். அங்க ஓடுற கேமரா ரெக்கார்டர் எங்க கம்பெனி சரக்கு. உள்ள லினக்ஸ். வீடியோ டிரைவரைக் கழட்டிட்டுப் புதுசு போடணும். சீனியர் 'ஆர்எம்மாட்' அடிச்சார். "மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது"ன்னு கெர்னல் மறுத்துச்சு. மனுஷன் யோசிக்கவே இல்ல, 'மைனஸ் எஃப்' சேர்த்து அடிச்சார். பொட்டி செத்துது. எழுதிட்டிருந்த பதிவும் போச்சு. திட்டு வாங்கினது யாரு? பக்கத்துல நின்ன ட்ரெய்னி பையன்!

"அதான் ஃபோர்ஸ் பண்ண வழி வெச்சிருக்கானே?"ங்கறது அவர் வாதம். ஐயா, கெர்னலைக் கட்டும்போது நாமளா அந்த ஆப்ஷனை ஆன் பண்ணினாத்தான் அந்த வழியே திறக்கும். அப்படிக் கழட்டினா கெர்னல் தன் மேலயே 'ஆர்'னு ஒரு கறையைக் குத்திக்கும். அது வசதி இல்ல, எச்சரிக்கை.

செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போற பஸ்ஸை எடுத்துக்குங்க. உள்ள கிழிச்ச டிக்கெட்டை மட்டும் எண்ணி விசில் அடிச்சா, படிக்கட்டுல ஒத்தைக் கால் வெச்சவர் கதி? பழைய முறையில மாட்யூல் தனக்குள்ள ஓடற கோடை வெச்சே தன் எண்ணிக்கையை ஏத்திச்சு. ஏத்தறதுக்குள்ள கழட்டிட்டா அதே கதிதான். 2003 டிசம்பர்ல வந்த 2.6 கெர்னலுக்காக ரஸ்டி ரஸ்ஸல் இந்தப் பகுதியைத் திருப்பி எழுதினார். இப்போ கூப்பிடறவன் வெளியவே 'ட்ரை மாட்யூல் கெட்' போட்டு எண்ணிக்கையை ஏத்திட்டுத்தான் உள்ள போறான். கண்டக்டர் கீழ நின்னு டிக்கெட் கிழிச்சு ஏத்தற மாதிரி. பஸ் கிளம்பிட்டா டிக்கெட் கிடையாது.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டின கணக்கைத்தான் ஒரே எழுத்துல தூக்கி எறியறோம். ரெக்கார்டிங் புரோகிராம் டிரைவருக்குள்ள தூங்கிட்டிருக்கு. முழிச்சுக் காலை வெச்சா பஸ்ஸே இல்ல. செத்துப்போகாம என்ன செய்யும்?

செய்ய வேண்டியது சுலபம். 'எல்எஸ்மாட்'ல எண்ணிக்கையைப் பாருங்க. 'ஃப்யூசர்' போட்டு யார் பிடிச்சிருக்கான்னு பாருங்க. அவனை நிறுத்திட்டுக் கழட்டுங்க. எல்லாரும் இறங்கியும் எண்ணிக்கை பூஜ்யம் ஆகலையா? எவனோ 'மாட்யூல் புட்' போட மறந்திருக்கான். பொட்டியை ஒழுங்கா ரீபூட் பண்ணிட்டு அந்தக் கோடைத் திருத்துங்க. ஃபோர்ஸ் பண்றது அந்தத் தப்பை மூடி மறைக்கிற வேலை.

"முதல்ல ரெக்கார்டிங்கை நிறுத்தலாமா சார்?"னு அந்தப் பையன் அன்னிக்கே கேட்டான். நான் வாயை மூடிட்டு நின்னேன். தம்பி, நீ கேட்டதுதான் சரி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.