நீடிக்கும் பரிசு

பரிசு என்றால் ஜிம் கார்பெட்டுக்குக் கிடைத்த துப்பாக்கி மாதிரி இருக்க வேண்டும், நூறாண்டு உழைக்கும் என்கிறார் தாம்பரத்து இலக்கிய நண்பர். பணி ஓய்வு விழாக்களில் நாம் கொடுக்கும் கைக்கடிகாரம் அவருக்கு இளப்பம்.

உழைத்தது வாஸ்தவம். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் கொடுத்த .275 ரிக்பி ரைபிள் அது. காரணத்தை வெள்ளித் தகட்டில் பொறித்திருக்கிறார்கள். 2015இல் ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

தகட்டில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய குண்டுக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைக் கொல்ல முடியாமல்தான் அது மனிதனிடம் வந்தது என்று கார்பெட்டே எழுதியிருக்கிறார். ஒரு துப்பாக்கி உண்டாக்கிய ஆட்கொல்லியைக் கொன்றதற்கு இன்னொரு துப்பாக்கி பரிசு! கார்பெட்டுக்கு இது புரிந்தது; பிற்பாடு காமிராவை எடுத்தார். ரசிகருக்குத்தான் புரியவில்லை.

1972ஆம் வருஷச் சட்டத்துக்குப் பின் இங்கே வேட்டை குற்றம். காரியம் போய்விட்டது, எஃகு நிற்கிறது. அதையா மதிப்பு என்பது? நம் விமர்சனமும் 'காலத்தை வென்று நிற்கும்' என்று எழுதிவிட்டு, படைப்பு என்ன செய்தது என்று கேட்காமல் நகர்கிறது. நீடிப்பது இரும்பின் குணம். கவிதைக்கு அது போதாது.

ஓய்வு பெறுகிறவருக்குக் கைக்கடிகாரமே கொடுங்கள். மணியாவது பார்ப்பார்.