உப்புக்கு அஞ்சும் தாமரை

மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டாஞ்சேரி படகுத்துறையில் நின்றால் காயல் தெரியாது. பச்சை மெத்தைதான் தெரியும். வெள்ளத்தோடு மிதந்து வரும் ஆகாயத்தாமரை படகின் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளில் மீனுக்கு முன்னால் அதுதான் ஏறும்.

மலையாளத்தில் இதற்குக் குளவாழை என்று பெயர். தமிழில் வெங்காயத் தாமரை என்றும் சொல்வதுண்டு. உண்மையில் இது வாழையுமல்ல, வெங்காயமுமல்ல, தாமரையுமல்ல. ஊதாப் பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்குள் வந்த அமேசான் படுகைச் செடி.

நீருக்குள் ஒளிச்சேர்க்கை செய்வது லேசான காரியமல்ல. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். பள்ளி ஆய்வகத்தில் புனலுக்கடியில் குமிழி விட்டுக் காட்டிய வேலம்பாசி நினைவிருக்கிறதா? அந்த ஹைட்ரில்லா, வாயுத் தட்டுப்பாடு வந்தால் தன் வழியையே மாற்றிக்கொள்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் இருவகை செல்களைக் கொண்டு வாயுவைச் சேர்த்துக் குவிக்கின்றன. அதே வேலையை இது ஒரே செல்லுக்குள் முடித்துவிடுகிறது. நீலப்பச்சைப் பாசிகள் எனப்படும் சயனோபாக்டீரியாக்கள் இன்னும் பழைய கெட்டிக்காரர்கள். நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டை உள்ளே இழுத்து, புரதத்தாலான நுண்பெட்டிகளில் கரியமில வாயுவாக்கிப் பயன்படுத்துகின்றன.

ஆகாயத்தாமரைக்கு இந்த வித்தை எதுவும் வேண்டியதில்லை. காற்றடைத்த காம்புகளால் மிதந்து, இலையை நீருக்கு மேலே விரித்து, காற்றிலிருந்தே வாயுவை எடுத்துக்கொள்கிறது. கீழே இருப்பவற்றுக்கு வெளிச்சம் போய்விடுகிறது. ஒளிச்சேர்க்கை நிற்க, நீரில் பிராணவாயு குறைய, மீன்கள் திணறுகின்றன.

ஆனால் இந்த அசுரனுக்கும் உயிர்நிலை உண்டு. பக்கக் கன்றுகளாலேயே பெருகுவதால், தென் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஆகாயத்தாமரைகளில் பெரும்பாலானவை ஒரே மரபணு வார்ப்பின் நகல்கள் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்றின் பலவீனம் எல்லாவற்றின் பலவீனம். அந்தப் பலவீனம் உப்பு. கோடையில் கடல்நீர் காயலுக்குள் ஏறினால் இது கருகி அழுகும்.

அந்த உப்பைத்தான் நாம் தடுத்துவிட்டோம். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு நெல்லைக் காக்க, 1976இல் தண்ணீர்முக்கம் தடுப்பணை செயல்பட ஆரம்பித்தது. கோடையில் அதன் மதகுகள் மூடப்படுவதால் தெற்கு வேம்பநாட்டில் களை கவலையின்றி வளர்கிறது. கடலிலிருந்து வர வேண்டிய இறால் குஞ்சுகளுக்கும் வழியடைபடுகிறது. திறக்கச் சொல்லும் மீனவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மூடச் சொல்லும் விவசாயி பக்கமும் இருக்கிறது.

கொச்சியைச் சுற்றியுள்ள பொக்காளி வயல்கள் வேறொரு கணக்கைப் போடுகின்றன. மழையில் நெல், கோடையில் உப்புநீரில் இறால். தலைமுறை தலைமுறையாக உழவர்கள் விதை பொறுக்கியதில் நிலைத்த உப்புத் தாங்கும் திறன் அந்த நெல்லுக்கு உண்டு. அதன் மரபணுப் பகுதியொன்றை, 'சால்டால்' என்று பெயரிட்டு, விஞ்ஞானிகள் வேறு நெல் ரகங்களுக்கு ஏற்றி வருகிறார்கள்.

குட்டநாடு முழுவதையும் பொக்காளியாக்க முடியாது. ஆனால் விதைப்பை முன்கூட்டி முடித்து, மதகு மூடியிருக்கும் நாட்களைக் குறைக்க முடியும். ஆண்டுதோறும் களையை வாரிக் கரையில் கொட்டுவதைவிட, சில வாரங்கள் கடலை உள்ளே விடுவது மலிவு.