கத்தரிக்கோலுக்கு விடுப்பு



பங்குனி பிறந்தால் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். புங்கமரம் இலை கொட்டித் துளிர்க்கிறது, வேம்பு பூக்கிறது, மல்லிகை மொட்டு கட்டுகிறது. நாமும் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று கத்தரிக்கோலைத் தேடுவோம். தயவுசெய்து அதை வைகாசி முடியும்வரை பரணிலேயே விட்டுவிடுங்கள். மல்லிகைக்குக் கவாத்து கார்த்திகை, மார்கழி வேலை. வெயில் ஏறும் நேரத்தில் செடியை மொட்டையடித்தால் வேரடி காய்ந்துபோகும். அது ஒருபுறம் இருக்க, அந்தக் கிளைகளில் இப்போது குடித்தனம் நடக்கிறது.

தையல்சிட்டு என்ன செய்கிறது தெரியுமா? அகன்ற இலையாகப் பார்த்து, அலகால் ஓரமெங்கும் பொத்தல் போடும். சிலந்தி நூலையும் பஞ்சையும் பொத்தல் வழியே இழுத்து இரண்டு ஓரங்களையும் சேர்த்துவிடும். வெளியே நீட்டிய பஞ்சு பிசிறிக்கொண்டு நிற்பதால் தையல் எளிதில் பிரியாது. இலை காம்பை விட்டுப் பிரியாமல் பச்சையாகவே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பூச்சி விழுந்து சுருண்ட இலை. உடனே நறுக்கிவிடுவோம்! முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஏறத்தாழ 4 வாரம்தான் ஆகும். அதுவரை பொறுக்கக் கூடாதா?

பொறுத்துக் காட்டிய ஊர் ஒன்று நம்மிடமே இருக்கிறது. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டியது. குஞ்சுகள் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரே இருட்டில் நடந்தது. நம்மிடம் கேட்பது ஒரு செம்பருத்திக் கிளை மட்டுமே.

சிட்டுக்குருவிக்குக் கம்பும் குருணையும் போடுகிறோம், நல்லது. ஆனால் குஞ்சுக்கு முதல் நாட்களில் அது ஊட்டுவது புழு பூச்சிகளைத்தான். கடையில் வாங்கிய மருந்தைச் செடியில் அடித்துவிட்டுத் தானியம் தூவுவதில் அர்த்தமில்லை. மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, கூடு இல்லாத செடிகளில் மட்டும் சாயங்காலம் தெளியுங்கள்.

உதிர்ந்த சருகைக் கொளுத்த வேண்டாம். செடிக்கு அடியில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும். தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து அதைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். கலைத்துத்தான் போடும், சருகைத் திரும்பத் தள்ளிவிட்டால் ஆயிற்று.

பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க ஆழமில்லாத மண்சட்டி போதும். நடுவில் ஒரு கல் இருந்தால் சின்னக் குருவியும் காலூன்றிக் குடிக்கும். நிழலில், பூனை பதுங்க இடமில்லாத மேட்டில் வையுங்கள். தினமும் தண்ணீரைக் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் வாரம் பத்து நாளில் அதுவே கொசுப்பண்ணை.

உங்கள் வீட்டில் எந்தச் செடியில் எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம். படம் மட்டும் வேண்டாம். கேமராவோடு அடிக்கடி பக்கத்தில் போனால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்