தானியக் கொட்டகையும் விருந்தினர் விடுதியும்

மேல்நாடுகளில் பழைய தானியக் கொட்டகைகளை விருந்தினர் விடுதிகளாக மாற்றுவதும், அவற்றின் சாயலிலேயே புதிய விடுதிகளை எழுப்புவதும் பெருகி வருகின்றன. ஒரே கூரையின் கீழ்த் தங்கும் அறைகளும், போஜனசாலையும், விவாகத்திற்கும் கூட்டத்திற்கும் ஏற்ற மண்டபமும் அமைக்கின்றனர். இது நிலமுடையோருக்கு நன்மை தருமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பழைய கொட்டகை வெறும் சேமிப்பு அறையன்று. எஸ்ஸெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்னுமிடத்தில் 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற இரு பெருங்கொட்டகைகள் இன்றும் நிற்கின்றன. இவ்வகைக் கட்டடத்தின் நடுவே கதிரடிக்கும் களமும், அதற்கு நேருக்கு நேராக இரு பெரிய கதவுகளும் இருக்கும். பாரவண்டி ஒன்றால் நுழைந்து மற்றொன்றால் வெளியேறும். இரண்டையும் திறந்துவிட்டு, ஊடே வீசும் காற்றில் தானியத்தைத் தூற்றுவார்கள். களத்தில் காற்றுக்குக் காத்து நின்ற குடியானவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. கதிரடிக்கும் இயந்திரம் வந்தபின் இக்களத்திற்கு வேலையில்லாது போயிற்று. கூரையைச் செப்பனிடும் செலவு மட்டும் உடையவர் தலையில் நின்றது. ஆகவே அதனை விடுதியாக்கியதை நாம் குறை கூறோம்.

ஆனால் கட்டடம் உழவனிடமே நிற்கிறதா என்பதன்றோ கேள்வி? இங்கிலாந்தில் 2015-ஆம் வருஷத்து விதிகள், சில அளவுகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, விவசாயக் கட்டடங்களை வீடாகவோ விடுதியாகவோ மாற்றுவதை எளிதாக்கின. மாற்றியபின் உடையவர் பயிர் செய்து வரவேண்டுமென்ற கட்டாயம் அவற்றில் இல்லை. கூரை கொட்டகையாயிருக்க, உள்ளே ஒரு மணி தானியமும் இராத விடுதிகள் இவ்வாறே பெருகுகின்றன.

இத்தாலியர் வேறு வழி கண்டனர். 1985-லும், பின்னர் 2006-லும் அவர்கள் இயற்றிய சட்டங்களின்படி, பண்ணையில் விருந்தினரை ஏற்பவர் பயிர்த்தொழில் செய்பவராகவே இருத்தல் வேண்டும். அத்தொழிலே பிரதானமாகவும் இருத்தல் வேண்டும். எது பிரதானமென்பதை முக்கியமாய் வேலை நேரத்தைக் கொண்டு அளக்கின்றனர், வரும்படியைக் கொண்டன்று. விருந்தினர் பத்துப் பேருக்கு மேற்படாவிடின், பயிர்த்தொழிலே பிரதானமென்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் கொள்கிறது. பரிமாறும் உணவில் கணிசமான பங்கு அப்பண்ணையின் விளைபொருளாயிருத்தலும் அவசியம். இம்முறையில் கணக்கெழுதும் தொல்லை மிகுதியென்பர். இருக்கலாம், பொழுதெல்லாம் விருந்தினர் படுக்கையை விரித்துக்கொண்டிருப்பவரைப் பயிர்த்தொழிலாளர் என்று பதிவு செய்வதினும் அத்தொல்லை மேலானதே.

விருந்தினர் திரளும் கோடைகாலமே அந்நாடுகளில் அறுப்புக் காலமுமாகும். ஆளைப் பிரிக்கவேண்டிய நாளில் பெரும்பாலும் வயலே பின்தங்கும். அன்றியும் 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது விடுதிகள் வெறிச்சோடின. விடுதி வருவாயையே நம்பிக் கடன் வாங்கிக் கட்டினோர் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆதலின், இத்தகைய விடுதியைப் புதிதாய்க் கட்டுவோர் பழைய கொட்டகையின் கூரையைக் காட்டிலும் அதன் கதவையே பின்பற்றுதல் நலமென்பது எமது அபிப்பிராயம். விருந்தினர் வாராத வருஷத்தில் வண்டி உள்ளே நுழைந்து மூட்டைகளை இறக்குமளவு அகலம் அதற்கு இருந்தால் போதும்.