பளபளப்பை மட்டும் விக்கலாமா?

ப்ளேஸ்மெண்ட் சீசன்ல எல்லாரும் ஆப்டிட்யூட், குரூப் டிஸ்கஷன்னு எழுதும்போது இவன் பழைய அடுப்பைப் பத்தி எழுதறானேன்னு நீங்க சிரிக்கலாம். சிரிச்சுட்டே படிங்க. எனக்கு இதுல சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருக்கு. எல்கேஜியிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம், அதனால ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

எங்க ஊர் அடி அண்ணாமலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில, திருவண்ணாமலை டவுனுக்கு எதிர்ப்பக்கம், மலைக்குப் பின்னாடி இருக்கு. பௌர்ணமிக்கு நடந்தவங்க ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலைப் பார்த்திருப்பீங்க. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினது இங்கதான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. மார்கழி விடியல்ல தோழியை எழுப்பி நீராடக் கூப்பிடற பாட்டு. அந்த ஊர்க்காரன் வெந்நீரைப் பத்தி எழுதினா தப்பில்லை.

என் மாமா பாதை ஓரமா பழைய சாமான் கடை வச்சிருக்கார். ஆரணி, போளூர், செங்கம் பக்கம் பழைய வீடு இடிக்கிறாங்கன்னு தெரிஞ்சா போயிடுவார். செம்பு பாய்லர், பித்தளை அண்டா, இரும்புக் குமுட்டி, இதையெல்லாம் எடை போட்டு வாங்கிட்டு வந்து, சரி பண்ணி விப்பார். எங்க ஊர்ல மாசக்கணக்கா வீடு எடுத்துத் தங்கற வெளிநாட்டுக்காரங்க, ஹோம்ஸ்டே நடத்தறவங்க, சென்னையிலிருந்து வந்து தோட்ட வீடு கட்டறவங்க, இவங்கதான் கஸ்டமர். செகண்ட் இயர்லேர்ந்து லீவுல நான்தான் பஃபிங் மெஷின் ஆபரேட்டர். சம்பளம் பிரியாணி.

குளிர் நாடுகள்ல இது பெரிய தொழில். வீட்டைச் சூடு பண்ணின பழைய வார்ப்பிரும்பு அடுப்புகளை முழுசா கழட்டி, விரிசல் இருக்கான்னு பார்த்து, உடைஞ்ச பாகத்தை மாத்தி, கதவுல இருக்கிற மைக்கா தகட்டைப் புதுசா போட்டு, இணைப்புகளை அடைச்சு விக்கிறாங்க. அங்க சூடு அறைக்கு. நம்ம சமவெளியில அறையைச் சூடு பண்ண யாருக்கும் தேவை வரலை, வெயிலே அதைப் பார்த்துக்குது. நம்ம ஊர்ல அந்தச் சூடு குளிக்கிற தண்ணிக்குப் போச்சு. அதுக்காகவே இருந்ததுதான் செம்பு பாய்லர்.

மெக்கானிக்கல் பசங்க இந்தப் பாய்லரை ஒரு தடவையாவது பார்க்கணும். வெளியில செம்பு உருளை. நடுவுல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு குழாய். குழாயோட அடியில சல்லடைத் தட்டு, அதுக்குக் கீழ சாம்பல் விழறதுக்கும் காத்து போறதுக்கும் வழி. குழாய்க்குள்ள தேங்காய் ஓடோ, கரியோ, சின்ன விறகோ போட்டா தீ நடுவுல எரியும், தண்ணி அதைச் சுத்தி நிக்கும். புகை மேல போயிடும். தெர்மல் லேப்ல ஃபயர்-டியூப் பாய்லர்னு படம் வரைஞ்சு மார்க் வாங்கறோமே, அதே ஐடியா நம்ம கொல்லைப்புறத்துல நின்னுட்டிருந்தது. நான் தேர்ட் இயர் வைவாவுல இந்த உதாரணம் சொன்னேன். எக்ஸ்டர்னல் சிரிச்சார். மார்க் பத்தி இங்க வேண்டாம்.

செம்பு ஏன்? வெப்பம் கடத்தறதுல செம்பு 400 வாட்/மீட்டர்-கெல்வின் பக்கம், பித்தளை 110-120, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெறும் 15 பக்கம். இந்த எண்களைப் பார்த்துட்டு, எவர்சில்வர் உருளையில நடுக்குழாய் போட்டு "ஹெரிடேஜ் பாய்லர்"னு விக்கிறதைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வருது.

சரி, இதை ரிப்பேர் பண்றது எப்படி? கஷ்டமான வேலை தைப்புகள்லதான். செம்புத் தகட்டைச் சுருட்டி, ஓரத்தை மடிச்சு, பத்த வச்சிருப்பாங்க. பழைய மென்பற்றாசு 200 டிகிரிக்குள்ளயே உருகிடும். உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் தைப்பு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால பிரச்சினை இல்லை. தண்ணி இல்லாம ஒரு தடவை தீ போட்டா போதும், அடுத்த நாள் எல்லாப் பக்கமும் ஒழுகும். எங்க கடைக்கு வர்ற பாய்லர்ல பாதி இப்படிச் செத்ததுதான். இன்னொண்ணு, அந்தப் பழைய பற்றாசுல காரீயம் இருக்கும். அதனால அந்தத் தண்ணியில குளிக்கலாம், காபி போடக் கூடாது. பாத்திரத்துக்கு ஈயம் பூசறோமே, அது வெள்ளீயம், வேற உலோகம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். பேச்சுல ரெண்டையும் "ஈயம்"னே சொல்றதால வாங்கறவங்க குழம்பிடறாங்க. குழப்பம் வியாபாரத்துக்கு வசதின்னு விக்கிறவங்களும் விட்டுடறாங்க.

இங்கதான் எனக்கும் மாமாவுக்கும் சண்டை. மாமாவோட ஃபார்முலா சிம்பிள். களிம்பை ஆசிட்ல எடு, பஃப் பண்ணு, மேல கிளியர் லாக்கர் அடி, போட்டோ எடு. ஒழுகற பாய்லரை யார் பத்த வைக்கப் போறா, வரவேற்பறையில லைட் ஸ்டாண்டா நிக்கப் போகுதுன்னு சொல்லுவார். நியாயம்தான். ஆனா போட்டோவுக்குக் கீழ அவர் எழுதறது என்ன தெரியுமா? "120 வருடப் பழமையான பாய்லர், நல்ல கண்டிஷன்."

ரெண்டுமே பொய். வருஷத்தையே எடுத்துக்கோங்க. 1972-ம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேலான கைவினைப் பொருள் தொல்பொருள் கணக்குல வரலாம். அதை விக்க லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்குத் தனியாள் எடுத்துட்டுப் போக முடியாது. மாமா எழுதினது உண்மைன்னா அவரே மாட்டிப்பார், வாங்கின வெளிநாட்டுக்காரரும் ஏர்போர்ட்ல மாட்டிப்பார். உண்மையில அது எங்க ஆயா கல்யாணத்துக்குச் சீதனமா வந்த பாய்லர் வயசுதான் இருக்கும். இதைச் சொன்னதும் மாமா "120"-ஐ அழிச்சுட்டு "மிகப் பழமையான"னு மாத்தினார். வக்கீல் ஆகியிருக்க வேண்டிய மனுஷன்.

மாமாவை மட்டும் சொல்லிட்டு நான் நழுவ முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடி டிசம்பர் லீவு. மாமா சாப்பிடப் போயிருந்தார். எங்க தெருவுல மாடி அறையில தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் கடைக்கு வந்தார், வயசு அறுபதுக்கு மேல இருக்கும். நான் முந்தின நாள்தான் துரு சுரண்டி கறுப்பு பெயிண்ட் அடிச்ச ஒரு இரும்புக் குமுட்டியைத் தூக்கிப் பார்த்தார். ராத்திரி பனியா இருக்கு, இது அறையைச் சூடாக்குமான்னு கேட்டார். "சூப்பரா சூடாகும் சார், புகையே வராது"ன்னு சொன்னேன். நான் தனியா பண்ணின முதல் வியாபாரம். மாமா வந்ததும் ரூபாயைக் காட்டிப் பெருமை பேசினேன்.

மறுநாள் காலையில பால் கொடுக்கப் போன வீட்டுக்கார அக்கா கதவைத் தட்டியிருக்காங்க. பதில் இல்லை. தள்ளித் திறந்து பார்த்தா அவர் கட்டில் பக்கத்துல வாந்தி எடுத்துட்டு எழுந்திருக்க முடியாம கிடக்கார். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, நடு அறையில என் குமுட்டி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. பிழைச்சுட்டார். அந்த அக்கா சாயங்காலம் கடைக்கு வந்து சத்தம் போடலை, அதுதான் இன்னும் குத்துது. "ஏம்பா, இன்ஜினியரிங் படிக்கிற. உள்ள வச்சுத் தூங்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

கார்பன் மோனாக்சைடு பத்தி எனக்குத் தெரியாதா? ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியிலயே எழுதியிருக்கேன். நிறம் இல்லை, வாசனை இல்லை, ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல ஒட்டிக்கும். நல்லாப் பிடிச்ச கரியில புகை கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் அதை நம்பி உள்ள கொண்டு போறோம். விறகுன்னா கண் எரிஞ்சு நாமே வெளிய ஓடி வந்துடுவோம். 2024-ல கொடைக்கானல்ல பார்பிக்யூ அடுப்பை அறைக்குள்ள வச்சுட்டுத் தூங்கினவங்க இறந்த செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. எனக்குத் தெரிஞ்சது எக்ஸாம் பேப்பருக்கு. கடையில நிக்கும்போது அது ஞாபகத்துக்கு வரலை, விலைதான் ஞாபகம் இருந்துது.

அதனால என் கருத்து இதுதான்: பழைய அடுப்பை விக்கிறவன் அது என்ன செய்யும், என்ன செய்யாது, எங்க வைக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுக்கணும். லாக்கர் அடிச்சிருந்தா "பத்த வைக்காதீங்க"ன்னு எழுதணும், ஏன்னா சூட்டுல அந்தப் பூச்சு எரிஞ்சு நாறும். ஒழுகினா ஒழுகும்னு எழுதணும். சரி பண்ணினதா சொன்னா தண்ணி ஊத்தி, தீ போட்டுக் காட்டணும். பஃபிங்கும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா பிடிக்காமப் போச்சு. மெஷின் களிம்போட சேர்த்து உலோகத்தையும் சுரண்டுது, கன்னான் தட்டின சுத்தியல் தடம் அழிஞ்சு போகுது. புளி போட்டுத் தேய்ச்சா நேரம் ஆகும், ஆனா தடம் நிக்கும்.

"இவ்ளோ சொன்னா எவன்டா வாங்குவான்?" இது மாமாவோட கேள்வி. பாதி பேர் வாங்க மாட்டாங்க, ஒத்துக்கறேன். குமுட்டி வியாபாரம் குறைஞ்சுது.

ஹாஸ்டல்ல நண்பன் கேட்டது வேற: "கீஸர் இருக்கும்போது விறகு எதுக்குடா, பொல்யூஷன்." கணக்குப் போட்டேன். 20 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலேர்ந்து 45-க்குக் கொண்டு போக அரை யூனிட் கரண்ட் கூட ஆகாது. பாய்லர்ல 30 சதவீதம் எபிஷியன்சின்னு வச்சுக்கிட்டா, 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவா காஞ்ச விறகு. ஒரு ஆளுக்கு இது ஒண்ணுமே இல்லை. ஆனா நாலு பேர் தினமும் குளிச்சா ரெண்டு மாசத்துல 110 யூனிட் பக்கம் வருது. வீட்டுக்கு இலவசமா கிடைக்கிற யூனிட்ல பெரும் பகுதி வெந்நீர்லயே கரைஞ்சு போகுது. கொல்லையில தேங்காய் ஓடும் மட்டையும் சும்மா கிடக்கிற வீட்டுக்கு பாய்லர் லாபம். மூணாவது மாடி ஃபிளாட்டுக்கு வேண்டவே வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

பழசு எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல வரலை. எங்க ஆயாகிட்ட கேட்டேன், விறகடுப்பு இல்லாம கஷ்டமா இருக்கான்னு. "கண்ணு போனதே அதாலதான், போய்த் தொலையட்டும்"னு சொல்லிச்சு. 2006 தேர்தலுக்கு அப்புறம் வந்த இலவச காஸ் அடுப்புதான் அதுக்கு விடுதலை. ஆனா பாய்லரைப் பத்திக் கேட்டதும் முகம் மாறிடுச்சு. அது வெளிய நின்னுது, புகை வானத்துக்குப் போச்சு, நடு ராத்திரி வரைக்கும் தண்ணி வெதுவெதுன்னு இருந்துது. "அதை ஏன்டா வித்தீங்க?" பதில் சொல்ல முடியலை. வித்தது மாமாதான், எடைக்கு.

இப்போ கடையில அட்டை தொங்குது. என் கையெழுத்து, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். குமுட்டி விலை கேக்கறவங்ககிட்ட மாமா ரேட் சொல்றதுக்கு முன்னாடி, "எங்க வைக்கப் போறீங்க?"ன்னு கேக்கறார். என்னைப் பார்த்து முறைச்சுட்டேதான் கேக்கறார்.

உங்க வீட்டுப் பரண்ல செம்பு பாய்லர் இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. நியூஸ்பேப்பர் விரிச்சு அது மேல நிக்க வச்சு, கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில பேப்பர் காஞ்சிருந்தா வீட்டுல பெரியவங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்க. நனைஞ்சிருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, எந்தத் தைப்புன்னு பார்க்கலாம்.