லூதியானாவும் எங்கள் ஊர் நடவும்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

பதினொன்றாம் வகுப்பில் அரசு எனக்கு வழங்கிய மிதிவண்டியில் 'லூதியானா' என்று பொறித்திருந்தது. அது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படியல்ல என்று திருத்திச் சொல்ல எங்கள் வீட்டில் எழுத்தறிந்தவர் எவருமில்லை. இளங்கலை வகுப்பில் பசுமைப் புரட்சி பாடம் நடந்தபோதுதான் அது பஞ்சாபின் ஒரு பழம்பெரும் நகரம் என்று தெரிந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து நூலகத்தில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் லோடி மரபினர் சட்லெஜ் ஆற்றங்கரையில் அமைத்த ஊர் அது. பெயரும் அவர்களால் வந்ததே. 1809ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சட்லெஜ், ரஞ்சித் சிங்கின் அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் எல்லையாயிற்று. ஊர் படைமுகாமாயிற்று. நாடிழந்த ஆப்கானிய மன்னர் ஷா ஷூஜா ஆங்கிலேயர் தந்த ஓய்வூதியத்தில் ஆண்டுக்கணக்கில் இங்கேதான் காலங்கழித்தார். மன்னர் கதைகள் இருக்கட்டும். என் மனத்தைத் தொட்டது வேறொரு செய்தி. 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் காஷ்மீரத்திலிருந்து பசியோடு வந்த சால்வை நெசவாளர்கள் இங்கே குடியேறினர். இன்று நாடெங்கும் அணியும் லூதியானாக் கம்பளிச் சட்டைக்கு மூலம், பிழைக்க வந்த அந்த ஏழைகளின் தறிகளே எனலாம்.

மிதிவண்டியின் கதையும் இதுவே. 1947இல் நாடு துண்டாடப்பட்டபோது லூதியானாவின் முஸ்லிம்கள் பெரும்பாலோர் பாகிஸ்தான் சென்றனர். அங்கிருந்து இந்துக்களும் சீக்கியரும் வந்து சேர்ந்தனர். மேற்குப் பஞ்சாபின் கமாலியாவைச் சேர்ந்த முஞ்சால் சகோதரர்கள் மிதிவண்டிப் பாகங்கள் விற்கத் தொடங்கி, 1956இல் ஹீரோ நிறுவனத்தை நிறுவினர். முப்பதே ஆண்டுகளில், 1986இல், உலகிலேயே மிகுதியாக மிதிவண்டி செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் நூலில் அது இடம்பெற்றது. ஆக, வந்தவர்களால் வளர்ந்த நகரம் லூதியானா.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். 1962இல் அங்கே தொடங்கப்பட்ட வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் உணவுத் தட்டையே மாற்றியது. மெக்சிகோ வித்துகளிலிருந்து தேர்ந்தெடுத்த 'கல்யாண் சோனா' கோதுமை அங்கே உருவானது. 1965இல் வெளிவந்த நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பும் அந்த நகரத்தின் கொடையே. கோதுமை ஊரில் கம்பு பிறந்தது எனக்கு வியப்பாயிருந்தது!

1960-61இல் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கென நடுவணரசு முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களுள் ஒன்று லூதியானா. மற்றொன்று நம் தஞ்சை. இரண்டுக்கும் ஒரே உரம், ஒரே அறிவுரை. விளைச்சல் பெருகியது உண்மை. அந்த விளைச்சலில் கூலிக்காரனின் பங்கு என்ன என்ற வினாவுக்குத் தஞ்சையில் கிடைத்த விடையை நாம் அறிவோம். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். லூதியானாவிலோ நடவுக்கும் அறுவடைக்கும் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் இரயிலேறி ஆட்கள் வந்தனர். 2020இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது, ஆலைகள் மூடியதும் அதே மக்கள்தாம் தொழிலாளர் சிறப்பு இரயில்களுக்காக லூதியானாவில் காத்துக் கிடந்தனர். உழைப்பு வேண்டும்; உழைப்பவன் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

லூதியானாவைப் புகழ்வோர் பலர் அதன் புட்டா நாலாவைப் பேசுவதில்லை. சட்லெஜில் சென்று கலக்கும் அந்த ஓடை சாயக்கழிவாலும் முலாம் பூசும் பட்டறைக் கழிவாலும் கறுத்துவிட்டது. நொய்யலைக் கண்டவருக்கு விளக்கவேண்டியதில்லை. திருப்பூரின் சாயப்பட்டறைகளை 2011இல் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதும் நினைவிருக்கும். நிலத்தடி நீரும் அப்படியே. பஞ்சாபின் பெரும்பாலான வட்டாரங்களில் ஊறுவதைவிட இறைப்பது அதிகம். நாற்று நடும் நாளைத் தள்ளிவைக்க 2009இல் சட்டமே போட்டார்கள்.

இவ்வளவும் நான் ஏன் எழுத வேண்டும்? சில ஆண்டுகளாக எங்கள் டெல்டாவிலும் மேற்கு வங்கத்து ஆட்கள் நடவுக்கு வருகின்றனர். என் அம்மா நடவு நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். சென்ற சம்பாவில் அவருக்குப் பாதி நாள்கூட வேலையில்லை. எங்கள் தெருவில் அவர்கள்மீது கோபம் கொப்பளிக்கிறது. அடித்து விரட்ட வேண்டும் என்று பேசிய இளைஞர்களும் உண்டு. அவர்கள் என் நண்பர்களே. ஆயினும் இவ்விடத்தில் நான் அவர்களோடு உடன்படவில்லை. 1833இல் காஷ்மீரியை விரட்டியிருந்தால் லூதியானா ஏது?

இக்கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, அடுத்த போகத்துக்கு ஒங்க அம்மாவுக்கு வேலை உண்டான்னு எழுதியிருக்கியா?" என்றார்.

எழுதவில்லைதான். அதனால் இதைச் சேர்க்கிறேன். வருகிறவனுக்கும் ஊரானுக்கும் ஏக்கருக்கு ஒரே கூலி என்று ஊராட்சியில் வைத்துப் பேசி முடிக்கவேண்டும். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதால்தானே அவர்களை அழைக்கிறார்கள்? கூலி சமமானால், பக்கத்துத் தெருவில் ஆளிருக்க எந்த மிராசுதாரரும் ஆயிரம் மைல் தாண்டி ஆள் அழைக்கமாட்டார். அப்படியும் வருகிறவன், எங்கள் அம்மாவின் வயிற்றில் அடிக்க வந்தவனாக இரான். சங்கத்துப் பெரியவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். குறுவை நடவுக்கு முன் கூட்டம் போடுவதாகச் சொன்னார்கள்.